எண்ணெய் தேய்க்கும்போது சொன்னது

ஜூலை 6, ஞாயிறு

குற்றாலத்தில் நல்ல சாரல். அருவிக்குக் குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கை கழன்றுவிட்டது. எனக்குப் பிழைப்பு ஓடுது. எதிர்வீட்டுக் காளீஸ்வரிக்குத்தான் இல்லை. அவள் கூட்டிப் பெருக்கிய லாட்ஜை இடித்துக் கட்டப் போகிறார்களாம். பிஎப் கிடையாது, ஒன்றும் கிடையாது. நாளையிலிருந்து வராதே, அவ்வளவுதான். புருஷன் விட்டுப்போன பெண்களுக்குத் தரும் உதவித்தொகைக்கு மனு கொடுத்திருக்கிறாள். "அது கெடைச்சாத்தான் பிள்ளையளுக்குக் கஞ்சி, அண்ணாச்சி" என்றாள்.

"துட்டு வருதுன்னு தெரிஞ்சா ஒம் புருஷன் ஓடி வந்துருவாம்ட்டி!" என்றேன். சிரித்தாள்.

ஜூலை 19

தேய்க்க ஒரு குண்டு ஆள் வந்தார். முதுகு, பாய் விரித்த மாதிரி. எனக்கு ஊர் இலஞ்சி என்றதும் காளீஸ்வரியைத் தெரியுமா, புருஷன் வருவதுண்டா என்று கேட்டார். "வராம? இருட்டுனா வருவான், கோழி கூவுனா போயிருவான்!" என்றேன். அவள் முகத்துக்கு நேராகவே நான் எத்தனையோ தடவை சொன்ன கேலிதான். ஆள் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 12

மனுவைத் தள்ளிவிட்டார்கள். புருஷன் வந்துபோகிறான் என்று விசாரணையில் தெரிந்ததாம். "எந்தப் பாவி சொன்னானோ" என்று தெருவில் நின்று அழுதாள். "அந்தா போறாரே, அவருதான் புதுசா வந்த வி.ஏ.ஓ." என்று கையைக் காட்டினாள். பைக்கில் போனவர் சட்டை போட்டிருந்தார். அந்தப் பாய் முதுகை வைத்துத்தான் ஆளைத் தெரிந்தது.

நானா? நாந்தானா? துண்டைக் கட்டிக்கிட்டு ஒக்காந்தவரை அதிகாரின்னு எப்படிக் கண்டேன் — அதிகாரி இல்லன்னா மட்டும் சொல்லலாமாலே?

ஆகஸ்ட் 13

சோறு இறங்கலை. "ஒடம்புக்கு என்ன?" என்று உமாராணி கேட்டாள். பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல வாய் வரலை.

ஆகஸ்ட் 18, திங்கள்

காளீஸ்வரியிடம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "நீங்க அதைச் சொல்லும்போதெல்லாம் நானும் சிரிச்சேன்லா அண்ணாச்சி. அழுதிருந்தா தெருவே சேந்து கேலி பண்ணியிருக்கும்" என்றாள்.

அடிச்சிருக்கலாம் அவ.

இருவருமாகத் தென்காசி தாலுகா ஆபீசுக்குப் போனோம். வி.ஏ.ஓ.வும் அங்கேதான் இருந்தார். "அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்லுதது பொய்யா?" என்று கேட்டார்.

"அன்னைக்குச் சொன்னதுதான் ஐயா. வாய்க்கொழுப்பு."

எல்லோர் முன்னாலும் அப்படியே எழுதச் சொன்னார். எழுதினேன்.

செப்டம்பர் 3

மறு விசாரணைக்கு ஆள் வந்து தெருவெல்லாம் கேட்டுவிட்டுப் போனார். என்னிடம் கேட்கவில்லை.

அக்டோபர் 9

காளீஸ்வரிக்குப் பணம் வந்துவிட்டது. உமாராணியை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். இரண்டு பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று கேட்க எழுந்தேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன்.