கடைமடைக்கு முதல் பேச்சு

1985 டிசம்பர் 9, திங்கள்

பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. டாக்காவில் ஏழு நாடுகள் கூடி ‘சார்க்’ தொடங்கிவிட்டன! வியாபாரம், விவசாயம் எல்லாம் இனி கலந்து பேசுவார்களாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இதையே என் எட்டாம் வகுப்புப் பெண்களை வைத்து ஆண்டு விழாவில் மேடையேற்றினால்? கல்வி அதிகாரி வருகிறார். என் வேலை நிரந்தரமாக ஒரு வழி பிறக்காதா?

திருமங்கலத்துக்கு வந்து மூன்று வருடம், இன்னும் டெம்பரரி. ஆசிரியர் கூட்டத்தில் சீனியாரிட்டிப்படிதான் பேச்சு. கடைசி ஆளான என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும்.

1986 ஜனவரி 8

ஒத்திகையா அது? ரகளை. ஏழு பேருக்கும் இந்தியா வேஷம்தான் வேண்டுமாம். அதட்டி ராமக்காளுக்குக் கொடுத்தேன். கடைசியாகப் பேசும் மாலத்தீவு, இருளாயி தலையில் விழுந்தது.

ஜனவரி 10

இருளாயி இன்று என்னை மடக்கிவிட்டாள். “மாலத்தீவு ஏன் டீச்சர் கடைசியாப் பேசணும்? எங்க பக்கம் ஏழூருக்கு ஒரே கம்மாய். தண்ணி தொறக்குமுன்ன கூட்டம் போடுவாக. கடைமடை ஊருக்குத்தான் தண்ணி கடைசியா வரும், அதனால அவுகதான் மொதல்ல பேசணும். இல்லாட்டி மேமடைக்காரவுக பேசியே பொழுதைப் போக்கிருவாக.”

அடி சக்கை! தலைமையாசிரியை சிஸ்டரிடம் இதைச் சொல்லி, வரிசையைத் தலைகீழாக மாற்றினேன். இப்போது ஏழு பேருக்கும் மாலத்தீவுதான் வேண்டுமாம்.

ஜனவரி 24, வெள்ளி

ஆண்டு விழா. எழுதிக் கொடுத்த வசனத்தை இருளாயி மேடையில் பாதியிலேயே விட்டுவிட்டாள். ராமக்காளைப் பார்த்துக் கையை நீட்டி, “எங்க மாசிக் கருவாட்ட நல்ல வெலைக்கு வாங்கிக்கிருங்க. எங்க ஊர்ல களவாணி எறங்குனா ஓடி வாங்க. வெரட்டி முடிச்சதும் வீட்டுக்குப் போயிருங்க, அங்கனயே பாயை விரிச்சிறாதீக!”

பெற்றோர் பக்கம் ஒரே விசில். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. நேரே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். போச்சு! எல்லாம் போச்சு. ஆனாலும் அவளை நினைத்தால் சிரிப்பு வருகிறதே, என்ன செய்ய?

ஜனவரி 27, திங்கள்

ஆசிரியர் கூட்டம். வழக்கம்போல் கதவோரத்து நாற்காலி. தலைமையாசிரியை சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “இன்னைக்குக் கடைமடையில இருந்து ஆரம்பிப்போம். சகாயமேரி, சொல்லும்மா” என்றார்.

எழுந்து நின்றேன். மூன்று வருடத்தையும் ஒரே மூச்சில் கொட்டினேன். சிஸ்டர் என் ஃபைலைக் கொண்டுவரச் சொல்லி, நிரந்தரமாக்கச் சிபாரிசு எழுதி அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

நான் உட்கார்ந்தபோது, மணி அடிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது.