கடைசிப் பக்கத்து வழி

கடப்பாக்கம்,
18.6.2003

மதிப்புக்குரிய லக்ஷ்மிநாராயணன் ஐயாவுக்குத் தாவீது எழுதுவது. நானும் சந்திரம்மாவும் சுகம். புனேயில் மகள் வீட்டில் இருந்துகொண்டு உங்கள் கண் ஆபரேஷனை நல்லபடியாக முடித்துக்கொண்டீர்கள் என்றறிந்து கர்த்தருக்கு நன்றி சொன்னோம்.

புத்தகம் மறுபடி அச்சாகிறது, உங்கள் ஊர்க் கட்டுரையின் கடைசிப் பக்கத்து வழி சரியாக இருக்கிறதா பார்த்து எழுது என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கரைப் பறவைகளைப் பற்றி யாரும் எழுதாத காலத்திலிருந்தே உங்கள் பழக்கம் அது. எந்த பஸ், எங்கே இறங்குவது, யாரைக் கேட்பது என்று போடாமல் எந்த ஊரையும் முடிக்க மாட்டீர்கள். படிக்கிறவன் வந்து பார்க்க வேண்டும் என்பீர்கள்.

வந்து பார்த்தார்கள் ஐயா. தொண்ணூற்றாறில் என் பெயரை அச்சில் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பக்கத்தை பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன். வந்தவர்களையெல்லாம் முகத்துவாரத்து மணலுக்குக் கூட்டிப்போனேன். ஆலா கூடு கட்டாது, வெறும் மணலில் முட்டையிடும், பார்த்து நடங்கள் என்று தொண்டை வற்றக் கத்தினேன். தலையாட்டியவர்களே மிதித்தார்கள். கடைசியில் ஒரு கார்க்காரர் உங்கள் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னாப்பா, இந்த எடம் யார்து?" என்று கேட்டார். அதையும் நானே சொன்னேன்.

இப்போது அங்கே விடுதி, சுற்றிலும் கம்பிவேலி. வாசலில் காக்கிச் சட்டை போட்டு நிற்பது நான். உங்கள் கட்டுரையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். நான்கு வருஷமாக ஓர் ஆலாகூட அந்த மணலில் இறங்கவில்லை. "அந்த அய்யா எழுதலன்னு எந்தப் பட்சி அழுதுச்சி?" என்று சந்திரம்மா கேட்கிறாள். எனக்கும் உங்கள்மேல் கோபம்தான். ஆனால் திட்டத் தொடங்கினால் பாதி என்மேலேயே வந்து விழுகிறது.

நீங்கள் கேட்ட வழி சரியாகத்தான் இருக்கிறது. பஸ் அங்கேயே நிற்கிறது. வீடும் அதே வீடு. ஆனாலும் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள், உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

இந்தச் சித்திரையில் வேறோர் இடத்தில் ஏழு ஜோடி ஆலா முட்டை வைத்திருந்ததைக் கண்டேன். எங்கே என்று சந்திரம்மாவுக்கும் சொல்லவில்லை. உங்களுக்கும் எழுத மாட்டேன்.

உடம்பு தேறியதும் வாருங்கள். கையைப் பிடித்து நானே கூட்டிப்போகிறேன். நோட்டை மட்டும் மகள் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கர்த்தர் உங்கள் பார்வையைக் காப்பாராக.

தாவீது