எவர்சில்வர் கடையும் முனைகள்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம், மாமா நலம், லேத் இரண்டும் நலம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். என் மூட்டு வலிக்கு மருந்தை மாற்றினார்கள், வலி மாறவில்லை. எதிர் வீட்டில் மாடி எழுப்புகிறார்கள், நம் சமையலறை வெளிச்சம் போயிற்று.

போன மாதம் பால் பண்ணையிலிருந்து பம்புக்கு எவர்சில்வர் தண்டு கடையக் கொடுத்தார்கள். பட்டறையில் பாதி வேலை அவர்களுடையதுதான், உனக்கே தெரியும். அதற்கென்றே நீ தேடிப் பிடித்து அனுப்பிய வெட்டு முனைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தும், உன் அப்பா வார்ப்பிரும்புக்கு வாங்கிய பழைய முனையை லேத்தில் மாட்டிக் கடைந்தார். எவர்சில்வருக்குக் கூரான முனை வேண்டும், தயங்காமல் வெட்டிக்கொண்டே போக வேண்டும், தேய்த்துக்கொண்டு நின்றால் மேல்பக்கம் இறுகிவிடும் என்று நீ போனில் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மாமாவுக்கு அதைப் பாடமாகவே எடுத்தார். எடுத்துவிட்டுப் போய் மழுங்கலை மாட்டினார். மெஷின் போட்ட கூச்சலில் எதிர் வீட்டுக் கொத்தனார் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். தண்டெல்லாம் கோடு கோடாகக் கீறல் விழுந்து, பண்ணையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. பண்ணை மேற்பார்வையாளர், “இன்னொரு தடவ இப்படி வந்தா வேற பட்டறை பாத்துக்குவோம், தப்பா நினைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் கூடக் குடிக்காமல் போனார்.

பெட்டி எங்கே என்று கேட்டால், பத்திரமாக இருக்கிறது என்றார் உன் அப்பா. தேடினால் பீரோவில், என் நல்ல துணிகளுக்கு நடுவில், சீல் கூடப் பிரிக்காமல் இருக்கிறது. “புள்ள மொத சம்பளத்துல வாங்கி அனுப்பினது, போட்டா தேஞ்சிடுமே” என்கிறார். தேயத்தானே அனுப்பினாள் என்றேன். மாமா தன் பங்குக்கு, “பூட்டி வெக்க அது என்ன நகையா மச்சான்” என்றார், அன்று முழுக்க இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை. மறுநாள் காலை நானே பெட்டியைப் பிரித்து, ஒன்றை லேத்தின் மேல் வைத்து, இதைப் போடாவிட்டால் பட்டறைச் சாவியையும் பீரோவிலேயே வைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். போட்டார். கூச்சலே இல்லை, உலோகம் சுருள் சுருளாகக் கழன்று விழுந்தது. பண்ணையில் ஒன்றையும் திருப்பவில்லை, வேலை தொடரும் என்று சொல்லிவிட்டார்கள். மேற்பார்வையாளர் இந்த முறை டீ குடித்தார்.

உன் அப்பாதான் ஒவ்வொரு முனை தேயும்போதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறார். தேய்ந்ததைத் தூக்கிப் போட மனசில்லாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார், துவைக்கும்போது கையைக் கிழித்துக்கொள்வது நான். உன்னைப் பார்க்காமல் ஏக்கமாக இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வராது. எனக்கு வரும், ஏக்கமாகத்தான் இருக்கிறது.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ நினைத்ததெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். முனைகள் தீரப் போகின்றன, மறக்காமல் அனுப்பு. அனுப்பும்போது இரண்டு பெட்டியாக அனுப்பு, ஒன்று பட்டறைக்கு, ஒன்று பீரோவுக்கு.

பிரியமுள்ள,
அம்மா