அருவியில் காட்டிய முதுகு

அன்பு மகன் கிங்ஸ்லிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் நலம், மெல்பர்னில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறோம். வாட்ஸ்அப்பில் எதைச் சொன்னாலும் கட்டைவிரலை அனுப்புகிறாய், அதனால் தாளில் எழுதுகிறேன்.

உன் அய்யாத்துரை மாமாவுக்கு, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் நெஞ்சுக்குள் பலூன் போல வீங்கியிருக்கிறது. மதுரையில் ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள். உடம்பு பல மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, நம் குடும்பத்தில் எல்லாருமே டாக்டர் என்பதால் யாரும் கேட்கவில்லை. குரல் கம்மியதும் கோயில் பாடகர் குழுவில் அவரைக் கீழ்க்குரலான பேஸ் பாட வைத்துப் பெருமைப்பட்டார்கள். பரோட்டா தொண்டையில் இறங்கவில்லை என்றதற்குச் சால்னாவைக் கூடுதலாக ஊற்றினார்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே வலித்தபோது, வாயுதாம்லே, எண்ணெயத் தேச்சு ரெண்டு நாளு அருவில முதுகக் காட்டுனா ஓடிரும் என்று அவரே தீர்ப்புச் சொல்லி, குற்றாலத்தில் சீசன் கூட்டத்துக்குள் போய் நின்று வழுக்கி விழுந்தார். அவர் செய்துகொண்ட ஒரே நல்ல வைத்தியம் அதுதான். விலா எலும்பைப் பார்க்க எடுத்த எக்ஸ்ரேயில் வீக்கம் தெரிந்தது.

இது ரத்த வழியில் வரக்கூடியது, கூடப்பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். உன் அம்மாவைப் பெற்ற தாத்தா வயலில் நின்றபடியே சாய்ந்தபோது, படுக்கையில் கிடக்காமல் போனாரே என்று வடகரை ஊரே பொறாமைப்பட்டது. இப்போது டாக்டர் அதையும் குறித்துக்கொண்டார். உன்னிடம் சொன்னால் ஜிம்முக்குப் போகிறேன், ஃபிட்டாக இருக்கிறேன் என்கிறாய். உன் புஜத்தைப் பார்த்து ரத்தக்குழாய் பயப்படாது. பல பேருக்கு ஒரு அறிகுறியும் இருக்காதாம். ஸ்கேன் முடியும்வரை பாரம் தூக்காதே. நெஞ்சோ முதுகோ கிழிகிற மாதிரி திடீரென்று வலித்தால் இணையத்தில் தேடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

உன் அம்மா உனக்கு மேல். அண்ணனுக்கு வந்தா எனக்கும் வரணுமாக்கும், மொதல்ல அவன் எடுக்கட்டும், பொறவு பாப்போம் என்று உட்கார்ந்துவிட்டாள். நீ எடுத்துவிட்டாய், ஒன்றுமில்லை என்று வந்தது என நேற்று அவளிடம் பொய் சொன்னேன். உடனே சேலையை எடுத்து வைத்தாள். வெள்ளிக்கிழமை திருநெல்வேலி போகிறோம். இது உன் கைக்கு வரும்போது அவளுக்கு எடுத்து முடித்திருக்கும்.

கர்த்தர் உன்னைக் காப்பார், ஆனால் ஸ்கேனுக்கு நீதான் போக வேண்டும். சீக்கிரம் போய் என் பொய்யை உண்மையாக்கு.

உன் அப்பா,
சாம், தென்காசி