என் பெயரைச் சொல்லி

786
விருதுநகர்
10.02.2025

குருவம்மாளுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அனுப்பியவள் பெயரைப் பார்த்ததும் அடுப்பில் போடத்தான் எடுத்தேன். கேஸ் அடுப்பில் எதைப் போடுவது? அரிசிப் பானை மேல் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் பிரித்தேன். கோழி கிளறின மாதிரி எழுத்து. ஆனாலும் நானே படித்தேன். அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திட்டாக. இருந்தாலும் எனக்கு வந்த கடிதத்தை இன்னொருத்தரை வாசிக்கச் சொல்லிக் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை.

நீ கேட்டதற்குப் பதில், முடியாது.

உன் மகன் முனியசாமி என் மகன் ஹாமிதிடம் வேலை பார்த்தவன். எங்கள் அட்டைப்பெட்டி குடோனில் லோடு வண்டி ஓட்டினவன். நோன்பு மாதம் முழுக்க என் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தவன். கல்லாவை உடைக்க வந்தான். ஹாமித் பார்த்துவிட்டான் என்று கம்பியால் அடித்தான். அதோடு ஓடியிருக்கலாம். பள்ளிக்கூடம் விட்டு அத்தாவைத் தேடி வந்த என் பேத்தி முஹ்சினா, "முனி அண்ணே" என்று கூப்பிட்டிருக்கிறாள். பெயர் தெரிந்த பிள்ளை சாட்சி சொல்லிவிடும் என்று அவளையும் முடித்தான். இது நான் சொல்வது இல்லை. அவனே ஒத்துக்கொண்டது.

தாயில்லாப் பிள்ளை அவள். பெற்றவள் மவுத்தானதில் இருந்து அவளுக்குத் தலைவாரிவிட்டது என் கை.

உன் மகனுக்குத் தூக்கு என்று கோர்ட்டு சொன்ன அன்றைக்கு, முஹ்சினாவின் அண்ணன், என் பேரன் ரியாஸ், தெருவில் பத்தாயிரம் வாலா கொளுத்தினான். நான் வாசலில் நின்று கடைசி வெடி வரைக்கும் கேட்டேன். நீ அதைத் தெரிந்துகொள்ளணும் என்றுதான் எழுதுகிறேன்.

இப்போது மதுரை ஹைகோர்ட்டில் அந்தத் தூக்கை உறுதி செய்யப் போகிறார்கள், "வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்கிறாய். எந்த முகத்தோடு கேட்கிறாய்?

போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

உம்மு சல்மா


உ
தாயில்பட்டி
19.02.2025

மரியாதைக்குரிய அம்மாவுக்கு குருவம்மாள் கும்பிட்டு எழுதுறது.

நல்லா இருக்கீகளான்னு கேக்குற யோக்கியதை எனக்கு இல்லை. அதனால கேக்கலை. திட்டியாச்சும் பதில் போட்டீகளே, அதுவே பெருசு.

கோழி கிளறின எழுத்துன்னு சொல்லியிருக்கீக. சிரிப்பு வந்துச்சும்மா. சிரிப்பு வந்ததுல நானே பயந்துபோயிட்டேன். சரம் பின்னிப் பின்னி என் விரலு சரியா மடங்க மாட்டேங்குது, பேனா நிக்கலை. சின்ன வெடிகளைத் திரியோட சேத்துப் பின்னிச் சரமாக்குறதுதான் எங்க வேலை. எந்தக் கம்பெனி லேபிள் ஒட்டினாலும் இந்தப் பக்கத்துப் பொம்பளைக பின்னினதாத்தான் இருக்கும். ரியாஸ் தம்பி கொளுத்துனது என் கையில பின்னினதாக்கூட இருக்கும். வெடிச்சது தப்புன்னு நான் சொல்லலை. எந்த வீட்டுல எதுக்கு வெடிக்கப் போறாகன்னு கேட்டுக்கிட்டா பின்னுறோம்? ஒண்ணுகூட நமத்துப் போகாம வெடிக்கணும், அம்புட்டுதான் எங்க பொறுப்பு.

என் மகன் செய்யலைன்னு நான் சொல்லவே மாட்டேன். செஞ்சான். ஜெயிலுக்குப் பாக்கப் போனப்ப உங்களுக்கு எழுதப் போறேன்னு சொன்னேன். "வேண்டாம்மா, அவுககிட்ட மட்டும் கேக்காத"ன்னு தலையைக் கம்பியில முட்டினான். கேக்குறது அவன் இல்லை, நான்.

எங்க வக்கீல் ஜேசுதாசன் சார்கிட்ட விசாரிச்சேன். நீங்க சொல்றபடிதான் கோர்ட்டு செய்யணும்னு சட்டம் இல்லையாம். ஆனா ஜட்ஜ் முன்னாடி வைக்கலாமாம். ஊர்ல உள்ளவுக, மந்திரியைப் பாரு, பெரிய ஆளுகளைப் பாருன்னாக. எனக்கு அது சரியாப் படலை. போனது உங்க உசுரு. குடுக்குறதும் மாட்டேங்கிறதும் உங்க கையில. அதான் மொதல்ல உங்களைக் கேட்டேன்.

குருவம்மாள்


786
விருதுநகர்
12.03.2025

குருவம்மாளுக்கு உம்மு சல்மா எழுதுவது.

நோன்பு நடக்கிறது. பகலில் வயிறு சும்மா இருந்தால் மனசு சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

டிவியைத் திறந்தால் சாவுதான். முந்தாநாள் சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஷெட் வெடித்ததைக் காட்டினார்கள். கீழே ஓடுகிற எழுத்தில் செத்தவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். சாயங்காலம் வேறு செய்தி வந்து அவர்களைத் தள்ளிவிட்டது. ஏதோ வெளிநாட்டில் ஒருத்தனைத் தூக்கில் போட்டுவிட்டார்களாம். "அப்படித்தான் போடணும்" என்று ரியாஸ் தொடையைத் தட்டினான். "ஷெட்டில் செத்ததுக்கு யாரைப் போடுறது?" என்று கேட்டேன். "அது வேற, நன்னி" என்றான்.

உன் கடிதத்தில் ஒரு வார்த்தை என்னைப் படுக்கவிடவில்லை. "உங்க கையில" என்று எழுதியிருந்தாய். தீர்ப்பு வந்த அன்று மைக்கை நீட்டியவன் எல்லாம் "சந்தோஷமா பாட்டி?" என்றுதான் கேட்டான். தெருக்காரர்கள் பேனர் கட்டினார்கள், "குடும்பத்தார் தூக்கு கேட்கிறார்கள்" என்று. அரசாங்க வக்கீலும் அதையே சொன்னார். அந்தக் குடும்பத்தில் மூத்தவள் நான். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டது நீ ஒருத்தி. கேட்கவே கூடாதவள் நீ.

எங்கள் மார்க்கத்தில், கொலைக்கு உயிரைக் கேட்கிற உரிமை செத்தவரின் வாரிசுக்கு உண்டு. வேண்டாம் என்று விடுகிற உரிமையும் வாரிசுக்குத்தான். பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் கேட்டு அனுப்பினேன். "வாரிசுல ஒருத்தர் விட்டுட்டாலும் கழுத்து தப்பும். ஆனா நம்ம நாட்டுச் சட்டத்துல அது இல்லம்மா" என்றாராம். இல்லாவிட்டால் போகிறது. என்னிடம் அது இருக்கிறது என்று எனக்குத் தெரியும் இல்லையா?

நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒன்று கேட்கிறேன், பூசி மெழுகாமல் எழுது. என் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்?

உம்மு சல்மா


உ
தாயில்பட்டி
24.03.2025

அம்மாவுக்கு குருவம்மாள் எழுதுறது.

உங்க இடத்துல கொஞ்சமாச்சும் நான் இருந்திருக்கேன்மா.

என் தங்கச்சி மக பிரீத்திகா. காலேஜ் லீவுல ஷெட்டு வேலைக்கு வந்த புள்ளை. தீபாவளி சீசன் ஆர்டரு. ஃபோர்மேன் ஒரே ரூம்ல அளவுக்கு மீறி ஆளை உக்கார வச்சாரு, மருந்தையும் அங்கனயே குமிச்சு வச்சாரு. வெடிச்சுப்போச்சு. கையில கெடந்த வளையலை வச்சுத்தான் எங்க புள்ளைன்னு பாத்தோம்.

அந்தாளைப் போலீஸ் வண்டியில ஏத்துறப்ப, "தூக்குல போடுங்கய்யா இவனை"ன்னு மண்ணை வாரித் தூத்துனவ நான்தான். அவரும் ஒருத்தி பெத்த புள்ளைன்னு அப்ப எனக்குத் தோணவே இல்லை.

ஜாமீன்ல வந்துட்டாரு. கேஸ் இன்னும் நடக்கு. டீக்கடைப் பக்கம் தினம் எதிர்ல வாராரு. மொத வருசம் அந்த மூஞ்சியைப் பாத்துட்டா எனக்குக் கஞ்சி எறங்காது. இப்ப நான் நின்னு பாக்குறேன். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போவாரு. என் தங்கச்சி வந்தா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருவாரு. அதைப் பாக்குறதுல எனக்கு என்னமோ கிடைக்குதும்மா. ஊரு பிரீத்திகாவை மறந்துருச்சு. அந்தாளு மட்டும் மறக்கலை. செத்துப்போயிருந்தா அவரும் மறந்திருப்பாரு.

நல்ல பதில் இல்லை இது. மனசுல கெடந்ததைச் சொன்னேன்.

நோன்போட வெயில்ல அலையாதீக.

குருவம்மாள்


786
விருதுநகர்
21.04.2025

குருவம்மாவுக்கு,

பெருநாள் முடிந்ததும் மதுரைக்குப் போய்விட்டு வந்தேன். தனியாகத்தான்.

உங்கள் வக்கீல் ஜேசுதாசன் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "மன்னிச்சுட்டதா எழுதிக்கிடட்டுமாம்மா?" என்றார். எழுதக் கூடாது என்றேன். நான் சொன்னது இதுதான். "நான் மன்னிக்கவில்லை. என் பெயரைச் சொல்லி யாரையும் கொல்ல வேண்டாம். அவனை வெளியே விடவும் வேண்டாம். என் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு அவன் உள்ளேயே கிழவனாகட்டும்." அவர் அதைக் கோர்ட்டுத் தமிழில் ஜோடித்துக் கொண்டுவந்தார். அதை அடித்துத் திருத்தச் சொல்லி, என் வார்த்தையிலேயே எழுதின பிறகுதான் சம்மதித்தேன். அங்கே இருந்த பொண்ணு கைநாட்டு வைக்க மையை நீட்டினாள். "பேனாவைக் குடு தாயி" என்றேன்.

ரியாஸ் என்னோடு பேசுவதில்லை. "என் அத்தாவும் தங்கச்சியும் உங்களுக்கு அம்புட்டுதானா நன்னி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். கேட்டவன் குடோனிலேயே படுத்துக்கொள்கிறான். சாப்பாடு கொடுத்துவிட்டால் தொடாமல் திரும்பி வருகிறது. நான் போய்க் கெஞ்சவில்லை. அவன் கோபம் நியாயம். நான் செய்ததும் நியாயம். ரெண்டும் ஒரு வீட்டில் இருக்க மாட்டேன் என்கிறது.

இனி எனக்கு எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லை. போன வாரம் தபால்காரர் வீட்டைத் தாண்டிப் போனார். "ஏப்பா, எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. உன் கடிதத்துக்குக் காத்துக் கிடந்திருக்கிறேன். இது ஆகாது குருவம்மா. உன் மகன் கழுத்தை விடச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. உன்னோடு உறவு கொண்டாட உரிமை இல்லை. நாளை மறுமையில் முஹ்சினா என் முந்தானையைப் பிடித்து, "நன்னி, அவுகளோட என்ன பேச்சு?" என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்காது.

தீர்ப்பு எப்படி வந்தாலும் எழுதாதே. விரலுக்கு வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவு.

உம்மு சல்மா


786
விருதுநகர்
03.09.2025, காலை

குருவம்மா,

போன மாசம் தீர்ப்பு வந்தது. தூக்கு இல்லை, சாகும் வரைக்கும் ஜெயில். அன்றைக்கும் நீ எழுதவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய். எனக்கு அதில் கோபம்தான். யாரிடம் போய்ச் சொல்ல?

இன்றைக்கு டிவியில் தாயில்பட்டி என்கிறார்கள். புகையைக் காட்டுகிறார்கள், கூரை பறந்த ரூமைக் காட்டுகிறார்கள், பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். "பெண் தொழிலாளர்கள்" என்று மட்டும் கீழே ஓடுகிறது. நீ எந்தக் கம்பெனி என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. உன் நம்பரும் என்னிடம் இல்லை. வக்கீல் போனை எடுக்கவில்லை.

டிவி முன்னாலேயே நின்றுவிட்டேன். குடோன் சாவி எடுக்க வந்த ரியாஸ் என்னைப் பார்த்தான். "யாரு அங்கன?" என்றான். இத்தனை மாசம் பேசாத பிள்ளை. "அந்த அம்மா" என்றேன். அவனும் கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தான். பிறகு, "நான் போறேன். ஆனா அவுககிட்ட என்னால பேச முடியாது நன்னி. நீங்க எழுதிக் குடுங்க" என்றான். வாசலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு நிற்கிறான். ஹாரன் அடிக்கிறான்.

எழுதாதே என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். மறுமையில் பிள்ளைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ரியாஸ் வீட்டுக்குள் வர மாட்டான். கூப்பிடாதே. முகத்தைக் கொடுத்துப் பேசவும் மாட்டான், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. தெருவில் விசாரித்து உன் வாசலில் வந்து நிற்பான்.

இந்தக் கடிதத்தை வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறேன். நீ வந்து வாங்கணும்.

உம்மு சல்மா