ஏரியில் நின்ற புள்ளி

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? கனடாவின் வடகோடியில், இந்த யூகானில் நான் நலம்.

சனிக்கிழமை எங்கள் தன்னார்வத் தேடல் குழுவின் விமானம் காணாமல்போன வேட்டைக்காரரைத் தேடிப் போனது. விமானம் இருக்கும் இடத்தை அதன் செயற்கைக்கோள் கருவி திரையில் காட்டும்; அந்தப் புள்ளியைத் தரையிலிருந்து கவனிப்பது என் வேலை. நடுவில் புள்ளி ஓர் ஏரிமேல் நின்றுவிட்டது. ரேடியோவிலும் பதிலில்லை.

"கருவிக் கோளாறா இருக்கும், பொறு டார்லீன்" என்றார்கள் கூட இருந்தவர்கள். நான் பொறுக்கவில்லை. சண்டைபோட்டு ஹெலிகாப்டரை அனுப்பவைத்தேன். எஞ்சின் நின்றதால் உறைந்த ஏரிப் பனியில் விமானத்தை இறக்கியிருந்த மூவரும் பிழைத்தார்கள். வேட்டைக்காரரும் மறுநாள் கிடைத்தார்.

விமானி ஹாஸ்கெட் எல்லார் முன்பும் சொன்னார்: "திரை முன்னாடி இந்தப் பொண்ணு இருக்கான்னுதான் தைரியமா உக்காந்திருந்தோம்."

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். கூடவே நீங்கள் உப்பிட்ட மீனும். கடை மீனில் ருசியில்லை. தனியாகச் சாப்பிடுவதாலோ என்னவோ.

கூப்பிடுகிறார்கள். இன்று நானும் பறக்கிறேன்!

உங்கள் டார்லீன்