பெயின்ற் காயாத தொலைபேசிப் பெட்டி

19.3.2012 திங்கள்
காலையில் தூறல், பிறகு வெயில். புது இடத்தில் பெயின்ற் அடிக்கும் வேலை. பழைய தபால் நிலைய வாசலில் நிற்கும் வார்ப்பிரும்புத் தொலைபேசிப் பெட்டி. சிவப்பு. பாரம்பரியச் சின்னமாம். கம்பி பிரஷ் கூடாது, புது ஆணி கூடாது, ஒரு கீறல்கூட விழக்கூடாது. வெள்ளிக்கிழமை நகரக் கவுன்சில் அம்மா வந்து பார்ப்பாராம். ஓர் இரும்புப் பெட்டிக்காக இத்தனை பேர் கவலைப்படுகிறார்கள். கொஞ்சம் பொறாமைதான்.

வேலைக்கு வரும்போது டண்டினொங் ரயிலில் போனைத் தொலைத்துவிட்டேன். ஊரில் மனைவி வசந்திக்கு இந்தக் கிழமைதான் பிள்ளை பிறக்க நாள் குறித்திருக்கிறது. மதியம் பெட்டிக்குள்ளிருந்தே வவுனியாவில் வீட்டுக்குப் போன் எடுத்தேன். அங்கே ஒருவரும் எடுக்கவில்லை. தெரியாத நம்பரை எடுக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னவன் நான்தான். நான் நாட்டில் இருந்தபோது, என்னை விசாரிக்கிறோம் என்று யார் யாரோ வீட்டுக்கு எடுத்த காலம் அது.

20 செவ்வாய்
சாப்பாடு இறங்கவில்லை. பழைய பெயின்றைச் சுரண்டச் சுரண்ட சிவப்புக்குக் கீழே பச்சை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் கொழும்பில் ஒளிந்திருந்தபோது ஒரு தரம் அடிக்கவிட்டு வைப்பேன், உடனே திரும்ப எடுப்பேன். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம்.

அப்படியே செய்தேன். மாமி எடுத்தா. வசந்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாயிற்றாம். இன்னும் பிறக்கவில்லை. பிறந்ததும் எடுக்கச் சொல்லிப் பெட்டியின் நம்பரைக் கொடுத்தேன். சில்லறை முடிந்து அறுந்துவிட்டது.

22 வியாழன்
காற்று. நேற்று மழை, வேலை இல்லை. பைத்தியம் பிடிக்காத குறை.

இன்று கடைசிப் பூச்சு. காயும்வரை ஒருவரும் கை வைக்கக்கூடாது. வேலையை மேற்பார்க்கும் போர்மன் ஜோர்ஜ் சுற்றிவர நாடா கட்டிவிட்டுக் கோப்பி வாங்கப் போனார். நான் காவல்.

பெட்டிக்குள் மணி அடித்தது. நாடாவை அறுத்து, கதவைத் தள்ளிக்கொண்டு போனேன்.

"நீங்களோ?" வசந்திதான். குரல் நைந்துபோயிருந்தது. "பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம். அழாதேங்கோ. இஞ்ச, இவவின்ர சத்தத்தைக் கேளுங்கோ."

கேட்டேன். தகப்பனைத் திட்டுவது மாதிரித்தான் இருந்தது.

ஜோர்ஜ் வந்து கதவைப் பார்த்தார். ஐந்து விரலும் பதிந்திருந்தது. என் சட்டையெல்லாம் சிவப்பு. மகள் பிறந்திருக்கிறாள் என்றேன். தன் கோப்பியை என்னிடம் தந்துவிட்டு, காயட்டும், காலையில் தேய்த்து அடி என்றார்.

23 வெள்ளி
வெயில். விடிந்ததும் தேய்த்து அடித்தேன், நாலு விரலை மட்டும். சுண்டுவிரல் கைப்பிடிக்குக் கீழே, குனிந்தால்தான் தெரியும். விட்டுவிட்டேன்.

பின்னேரம் கவுன்சில் அம்மா வந்தார். குனியவில்லை. எல்லாம் சரி என்று கையெழுத்து வைத்தார். இனி அந்தச் சுண்டுவிரலையும் ஒருவரும் அழிக்கக்கூடாது. மகள் வந்து பார்க்கும்வரைக்கும் இருக்கும்.